திரைக்கென்று ஒரு தனி விசை

கணினி என்னும் யந்திரத்தில் காரியத்தைச் செய்கிற பாகம் வேறு, அந்தக் காரியத்தை நம் கண்ணுக்குக் காட்டுகிற பாகம் வேறு. ஆயினும் இரண்டும் ஒரே மேஜைமேல் அடுத்தடுத்து இருப்பதாலும், மடிக்கணினியில் ஒரே சரீரமாகவே இணைந்துவிட்டதாலும், ஒன்றை நிறுத்தாமல் மற்றொன்றை நிறுத்தலாம் என்கிற எண்ணமே நம்மில் பலருக்கு உண்டாவதில்லை. கல்யாண வீடியோவைத் தொகுத்து முடித்தவர், யந்திரம் அதை இராமுழுதும் ரெண்டர் செய்யட்டும் என்று விட்டுவிட்டுப் படுக்கப் போகிறார். மாணவன் ஒருவன் பெரிய கோப்பு ஒன்றை இறக்கப் போட்டுவிட்டுக் கண்ணயர்கிறான். வயதான பெரியவர் படம் பார்க்கும் ஆசையின்றி, காதால் கேட்பதற்கு மட்டுமே ஓர் உபன்யாசத்தை ஓடவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்களை மூடிக்கொள்கிறார். இவர்களில் ஒருவருக்கும் அந்நேரத்தில் திரை தேவையில்லை. ஆனால் இவர்களில் எத்தனை பேர் அதை அணைக்கிறார்கள்? ஒவ்வொரு கணினியிலும், விசேஷமாக ஒவ்வொரு மடிக்கணினியிலும், திரையை மட்டும் அணைப்பதற்கென்று கண்ணுக்குத் தெரிகிற தனி விசை ஒன்று அவசியம் இருக்க வேண்டும் என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம்.

இது புதிய கோரிக்கை அல்ல. பழைய குழாய் மானிட்டர்களுக்கு அவற்றுக்கென்றே ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் திரை இருளும், பெட்டி தன் வேலையைத் தொடரும். மேலும், அந்தக் கண்ணாடியின் உட்புறத்தில் பூசப்பட்ட பாஸ்பர் என்னும் ஒளிரும் பொருள், ஒரே எழுத்துக்களை மணிக்கணக்காகக் காட்டினால் அவற்றின் வடுவை நிரந்தரமாக ஏற்றுக்கொள்ளும் சுபாவமுடையது என்பதால், 1983 டிசம்பரில் ஜான் சோச்சா என்பவர் ‘ஸாஃப்டாக்’ என்னும் அமெரிக்கப் பத்திரிகையில் ஒரு சிறிய நிரலை வெளியிட்டார். மூன்று நிமிஷம் யாரும் விசையைத் தொடாதிருந்தால் அது திரையை வெறுமனே இருளச் செய்தது, அவ்வளவுதான். பிற்பாடு வந்தவர்கள் அந்த எளிமையை விட்டுவிட்டார்கள். 1989-ல் வந்த ‘ஆஃப்டர் டார்க்’ பறக்கும் டோஸ்டர்களைத் திரையில் உலவவிட்டுப் பெரும் பிரசித்தி அடைந்தது, இருளவேண்டிய திரை வேடிக்கைக் காட்சி ஆயிற்று. 1992-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ‘எனர்ஜி ஸ்டார்’ முத்திரையை முதன்முதலாகக் கணினிகளுக்கும் மானிட்டர்களுக்கும் அளித்ததும், மறு வருஷமே வெஸா அமைப்பு ‘டிபிஎம்எஸ்’ என்னும் நியமத்தை வகுத்ததும்தான் விஷயத்தைத் திரும்ப நேர்வழிக்குக் கொண்டுவந்தன. அந்த நியமத்தின்படி, கணினி மானிட்டருக்கு இடைவிடாது அனுப்புகிற இரண்டு ஒத்திசைவுச் சமிக்ஞைகளையும் நிறுத்திக்கொண்டால், மானிட்டர் அதை அறிந்து தானே அணைந்துவிடும்; கணினியின் உள்ளே ஓடுகிற வேலைக்கோ யாதொரு பங்கமும் நேராது.

இங்கே ஒரு பிரமையை நீக்க வேண்டியிருக்கிறது. திரையில் கறுப்புப் படம் ஒன்றை வைத்துவிட்டால் மின்சாரம் மிஞ்சும் என்று நம்புகிறவர்கள் அநேகர். எல்சிடி திரையில் படத்துக்குப் பின்னால் விளக்கு ஒன்று எப்போதும் எரிகிறது. கறுப்பு என்பது அந்த ஒளியை மறைப்பதேயன்றி அணைப்பதாகாது. புள்ளி ஒவ்வொன்றும் தானே ஒளிரும் ஓலெட் திரையில்தான் கறுப்பு உண்மையான இருளாகும். இருபத்தைந்து வாட் இழுக்கிற சாதாரண மானிட்டர் ஓர் இரவு எட்டு மணி நேரம் வீணே எரிந்தால், ஐந்து இரவுகளில் ஒரு யூனிட் விரயமாகிறது. ஒரு வீட்டுக்கு இது அற்பம் எனலாம். நூறு மானிட்டர்கள் உள்ள அலுவலகத்துக்கோ ஒரே இரவில் இருபது யூனிட்.

ஆனால் மின்கட்டணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மடிக்கணினியின் மூடி சம்பந்தப்பட்ட சங்கடம். அதில் திரைக்கென்று பொத்தான் இல்லாததால், வெளிச்சம் வேண்டாதவர் இயல்பாகச் செய்வது மூடியைச் சாத்துவதுதான். சாத்தினால், வழக்கமான அமைப்பின்படி, கணினி முழுவதும் நித்திரையில் ஆழ்ந்துவிடுகிறது; நினைவகத்தைக் காப்பதற்கு மட்டும் சிறிது மின்சாரம் ஓட, செயலி ஸ்தம்பித்துப்போய், பாதி இறங்கிய கோப்பு பாதியிலேயே நிற்கிறது. கூடத்து விளக்கை அணைத்தால் அடுப்பும் அணைந்துபோகிற வீட்டை யாராவது கட்டுவார்களா? மூடினாலும் ஓடும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். மாற்றலாம், ஆனால் அப்படி மாற்றியதை மறந்து ஓடுகிற யந்திரத்தைப் பைக்குள் வைத்துவிட்டால், உஷ்ணம் வெளியேற வழியின்றி அது கொதிக்கும்.

இத்தனை நிமிஷம் சும்மா இருந்தால் திரை அணையட்டும் என்று காலக்கெடு வைக்கும் வசதியோ எல்லாக் கணினியிலும் இருக்கிறது. அது நல்ல வசதிதான், வைக்காதவர்கள் இன்றே வைத்துக்கொள்ளட்டும். எனினும் அது போதாது. வீடியோ ஓடும்போது, பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற அனுமானத்தில், திரையை அணைக்காதே என்று உலாவியே கணினிக்குச் சொல்லிவிடுகிறது. ஆகையால் மேலே சொன்ன பெரியவரின் உபன்யாசம் முடியும்வரை அவர் முகத்தில் வெளிச்சம் அடித்துக்கொண்டே இருக்கும். மனிதன் தானே தீர்மானித்து அந்தக் கணமே அணைப்பதற்கு மார்க்கம் வேண்டும். மாக் கணினியில் திரையின் ஒரு மூலைக்குச் சுட்டியைக் கொண்டுபோனால் அணையும்படி செய்துகொள்ளலாம். லினக்ஸில் பலர் ‘எக்ஸ்செட்’ கட்டளையைக் கையாளுகிறார்கள். ஏசர் மடிக்கணினிகள் பலவற்றில் எஃப்என் விசையோடு எஃப்6-ஐ அமுக்கினால் போதும். விண்டோஸில் இதற்கென்று பொதுவான விசை கிடையாது; பலர் வெளியார் எழுதிய சிறு நிரல்களைத் தேடிப் போட்டுக்கொள்கிறார்கள். வித்தை தெரிந்தவருக்கு மட்டும் கைகூடுகிற சௌகரியத்தைச் சௌகரியம் என்று நான் ஒப்ப மாட்டேன்.

திரை இருண்டிருப்பதைப் பார்த்துக் கணினி அணைந்துவிட்டதென்று நினைத்து வீட்டார் பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற ஆட்சேபம் நியாயமானது. இன்னொன்று அதைவிடக் கவலைக்குரியது. இருண்ட திரை பூட்டப்பட்ட திரை அன்று. வழியே போகிறவர் மவுஸை அசைத்தால் வங்கிக் கணக்கு வரை அனைத்தும் பிரத்தியட்சமாகிவிடும். எனவே நான் கேட்கிற விசை மூன்று காரியங்களைச் செய்ய வேண்டும்: அமுக்கிய மாத்திரத்தில் திரையை அணைத்துக் கணினியைப் பூட்ட வேண்டும், வேலை நடக்கிறது என்பதைக் காட்ட ஒரு சிறு விளக்கை எரியவிட வேண்டும், மேஜை அதிர்ந்து மவுஸ் நகர்ந்ததற்கெல்லாம் விழித்துக்கொள்ளாமல், விசையை அமுக்கினால் மட்டுமே விழிக்க வேண்டும்.

தமிழக அரசு 2011 முதல் எல்காட் நிறுவனத்தின் வாயிலாக லட்சக்கணக்கான மடிக்கணினிகளை வாங்கி மாணவர்களுக்கு வழங்கியிருக்கிறது. அவற்றில் பல போய்ச் சேர்ந்தது, குடும்பம் முழுவதும் ஒரே அறையில் படுத்துறங்குகிற வீடுகளுக்கு. பாடத்துக்கான வீடியோக்களை இரவில் இறக்க விரும்பும் பெண், தம்பியின் தூக்கத்தைக் கெடுக்கவும் மனமின்றி, மூடியைச் சாத்தவும் வழியின்றித் திரைமேல் துணியைப் போட்டு மூடுகிற நிலை இருக்கலாகாது. நினைவகம் இவ்வளவு, செயலி இன்னது என்று நிபந்தனை விதிக்கிற அரசின் டெண்டரில், திரையை மட்டும் அணைக்கும் தனி விசை இருக்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை. அத்தனை பெரிய கொள்முதலுக்கு ஆசைப்படுகிற உற்பத்தியாளர்கள் அந்த ஒரு வரிக்காக விசைப்பலகையில் இடம் ஒதுக்கவே செய்வார்கள்.