பாத்திரம் விற்கிறீர்கள், பக்குவமும் சொல்லுங்கள்!

பாத்திரக் கடைக்குப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேட்பார்கள். "விலை என்னங்க? எடை எவ்வளவுங்க? பேர் வெட்டித் தருவீங்களா?"

"இதில் எதைச் சமைக்கலாம், எதைச் சமைக்கக் கூடாது?" என்று கேட்பவர் அபூர்வம். கேட்டால் பொறுமையாகச் சொல்லுகிற கடைக்காரர் அதைவிட அபூர்வம்!

இது மாற வேண்டும். பாத்திரத்தை விற்கிறவர் அதன் குணத்தையும் சொல்லித்தான் விற்க வேண்டும். துணிக்கடையில் "இது சாயம் போகும், தனியாகத் துவையுங்கள்" என்று சொல்லுகிறார்கள். பாத்திரக் கடையில் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

இதைக் கேட்கச் சேலத்துக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. எவர்சில்வர் தகடு உருட்டும் பெரிய ஆலை நம் ஊரில் இருக்கிறது. கஞ்சமலைப் பக்கத்தில் உள்ள சேலம் உருக்காலைதான் அது. 1970-ம் ஆண்டு பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981-ம் ஆண்டு உற்பத்தி தொடங்கியது. கல்சட்டிக்கும் சேலம் பெயர் பெற்ற ஊர். மாக்கல் என்னும் மெதுவான கல்லைக் குடைந்து, கடைந்து செய்வது கல்சட்டி. நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மெதுவான கல் அது.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதி வீடுகளில் இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பாட்டி காலத்தில் பரணில் ஏறிய கல்சட்டி, பேத்தி காலத்தில் கீழே இறங்கிவிட்டது. நல்லதுதான். ஆனால் பாட்டிக்குத் தெரிந்த பக்குவம் சட்டியோடு இறங்கி வரவில்லையே!

உடைந்த சட்டி

அண்மையில் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். ஓர் அம்மாள் துணிப்பையில் கல்சட்டி கொண்டு வந்தார். குறுக்கே ஒரே விரிசல்! போன வாரம் வாங்கியதாம். முதல் நாளே புளிக்குழம்பு வைத்திருக்கிறார். குழம்பு கொதிக்கும் முன்பே "டப்" என்று சத்தம். குழம்பு முழுவதும் அடுப்பில்!

"கல்லுன்னா விரியத்தான் செய்யும்மா" என்றார் கடைப் பையன்.

"அதை விற்கும்போதே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் அந்த அம்மாள். கோபம்கூட இல்லை. வீட்டு வேலை செய்து சேர்த்த பணமாம். மகள் வீட்டுக்குக் கொடுக்க வாங்கியது.

அந்தப் பையன் மீது எனக்கு வருத்தம் இல்லை. அவனுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

புதுச் சட்டியை நேராக அடுப்பில் ஏற்றக் கூடாது. அதைப் பழக்க வேண்டும். மாட்டைப் பழக்குவது போலத்தான்! முதலில் உள்ளும் புறமும் எண்ணெயும் மஞ்சள்தூளும் தடவி ஒரு நாள் விட்டுவிடுங்கள். பிறகு கழுவி, சோறு வடித்த கஞ்சியை வெதுவெதுப்பாக ஊற்றி வையுங்கள். மறுநாள் கொட்டிவிட்டுப் புதுக் கஞ்சி ஊற்றுங்கள். நாளுக்கு நாள் சூட்டைக் கூட்டுங்கள். ஒரு வாரம் இப்படிச் செய்த பின், சிறு தீயில் கஞ்சியோடு அடுப்பில் வைத்துப் பாருங்கள். பிறகுதான் குழம்பு.

என்ன காரணம்? கல்லில் சூடு மெல்லப் பரவும். பெருந்தீயில் வைத்தால் அடிப்பக்கம் சட்டென்று விரியும். மேல்பக்கம் அப்படியே இருக்கும். இரண்டும் இழுத்துக்கொண்டால் பிளக்காமல் என்ன செய்யும்? சூடான சட்டியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினாலும் இதே கதிதான். கழுவுவதற்குத் தேங்காய் நார் போதும்.

பழகிய சட்டி பல வருடம் உழைக்கும். புளியும் தயிரும் அந்தக் கல்லை ஒன்றும் செய்யாது. கீரை, வற்றல் குழம்பு இரண்டுக்கும் அதற்கு நிகர் இல்லை என்பது என் கட்சி. அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். அதனால் சற்று முன்பே அணைத்துவிடலாம்.

"கேஸ் மிச்சமாகும்" என்று சொல்லி விற்கிறார்கள். பாதி உண்மை! அது சூடேறவும் நேரம் பிடிக்கும் என்பது மீதிப் பாதி. "கல்சட்டியில் சாப்பிட்டால் நோய் தீரும்" என்பவரை நம்பவே வேண்டாம். அது சட்டி; மருந்து அல்ல.

ஈயம் பூசிய காலம்

எவர்சில்வர் வருவதற்கு முன் பித்தளைப் பாத்திரம்தான் அதிகம். புளி பட்டால் களிம்பு ஏறும். அதற்காக உள்ளே ஈயம் பூச வேண்டும். பூசியது தேய்ந்துவிட்டால் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும். அலுமினியம் மலிவாக வந்தது. ஆனால் புளிப்பு அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கும்.

இந்தத் தொல்லைகளைத் தீர்த்தது எவர்சில்வர். 1913-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பவர் துப்பாக்கிக் குழலுக்கு நல்ல உருக்கு தேடினார். கிடைத்ததோ துருப்பிடிக்காத உருக்கு! துப்பாக்கிக்குத் தேடியது நம் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துவிட்டது.

அது ஏன் துருப்பிடிப்பதில்லை? இரும்போடு குரோமியம் என்னும் உலோகம் கலந்திருக்கிறது. நூற்றுக்குப் பத்தரைப் பங்காவது இருக்க வேண்டும். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாக மேலே படர்கிறது. கீறல் விழுந்தாலும் தோல் மீண்டும் தானே படரும்.

குறையும் உண்டு. எவர்சில்வரில் சூடு சரியாகப் பரவாது. தீ படும் இடம் மட்டும் காயும். மெல்லிய பாத்திரத்தில் பால் காய்ச்சினால் அடிப்பிடிப்பது அதனால்தான். கனத்த அடியோ, நடுவில் அலுமினியத் தகடு வைத்த அடியோ உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குளிர்ந்த தண்ணீரில் கல்லுப்பைப் போட்டுவிட்டு அடுப்பு மூட்டாதீர்கள். உப்பு அடியில் தங்கி, புள்ளிப் புள்ளியாக அரிக்கும். தண்ணீர் கொதித்த பின் போட்டுக் கலக்குங்கள்.

காந்தம் சொல்லும் பொய்

இனி முக்கியமான விஷயம். சில கடைகளில் காந்தத்தை ஒட்டிக் காட்டுவார்கள். "பாருங்கம்மா, ஒட்டவில்லை. ஒரிஜினல் எவர்சில்வர்!" என்பார்கள். நம்பிவிடாதீர்கள்!

எவர்சில்வரில் பல ரகம் உண்டு. 304 என்ற ரகத்தில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். இதில் காந்தம் ஒட்டாது. சமையலுக்கு நல்ல ரகம். 202 போன்ற ரகங்களில் விலை உயர்ந்த நிக்கலைக் குறைத்து, மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். இதிலும் காந்தம் ஒட்டாது! பளபளப்பும் அதே பளபளப்பு. ஆனால் உப்பும் புளியும் தினமும் பட்டால் இது சீக்கிரம் கறைபடும்.

430 என்று இன்னொன்று. இதில் காந்தம் ஒட்டும். அதற்காக மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். இன்டக்ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் அடிதான் வேண்டும். கல்சட்டி அந்த அடுப்பில் சூடே ஏறாது. இதையும் சொல்லாமல் விற்கிறார்கள்.

பருப்பு டப்பாவுக்கு 202 தாராளமாகப் போதும். ரசம் வைக்கும் பாத்திரத்துக்கு 304 கேளுங்கள். குறைந்த ரகத்தை விற்பது குற்றம் அல்ல. குறைந்த ரகத்தை உயர்ந்த ரகத்தின் விலைக்கு விற்பதுதான் மோசடி. பாத்திரத்தில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ரசீதில் ரகத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் நானாக இருந்தால் வாங்க மாட்டேன். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி 2024-ம் ஆண்டு மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. அந்த முத்திரையையும் தேடுங்கள்.

ஊறுகாயையும் உப்பையும் மாதக்கணக்கில் எவர்சில்வரில் வைக்காதீர்கள். அதற்குப் பீங்கான் ஜாடி இருக்கிறது. உள்ளே வண்ணப்பூ போட்ட அலங்கார ஜாடி மட்டும் வேண்டாம். சில வண்ணப் பூச்சுகளில் காரீயம் இருக்கும். புளிப்பு அதை வெளியே இழுத்துவிடும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

இவ்வளவையும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பீர்கள். முகூர்த்த நாளில், சீர்வரிசை வாங்கக் கூட்டம் நெருக்கும்போது முடியாதுதான். ஒரு துண்டுச் சீட்டு அச்சடித்துப் பாத்திரத்துக்குள் போட்டுக் கொடுங்கள். என்ன ரகம், எந்த அடுப்புக்கு ஆகும், எப்படிப் பழக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது. நான்கு வரி போதும்.

அதைத் தமிழில் போடுங்கள். இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் தெரியும்படி, பெரிய எழுத்தில் போடுங்கள். உங்கள் கடையின் பெயரையும் விலாசத்தையும் கீழே அச்சடித்துக்கொள்ளுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.