ஆறுதல் சொன்னால் மட்டும் போதுமா?

யேர்மனியின் ஹம் நகரைச் சேர்ந்த ஊன்ட்றொப்பில், தொழிற்சாலைகளின் நடுவே எழுந்து நிற்கின்றது காமாட்சி அம்பாள் ஆலயம். கோடையின் தொடக்கத்தில் நடைபெறும் அதன் தேர்த் திருவிழாவிற்குப் பத்தாயிரத்திற்கும் அதிகமான மக்கள் திரளுவது வழமை. யேர்மனியின் பல நகரங்களிலிருந்து மட்டுமன்றி, அயல்நாடுகளிலிருந்தும் எம்மவர் குடும்பம் குடும்பமாக வருகின்றனர். தேரையும் காவடியையும் கற்பூரச்சட்டி ஏந்திய பெண்களையும் யேர்மன் பத்திரிகைகள் படம் பிடித்து வெளியிடுகின்றன. ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலும் இடம்பெறாத காட்சியொன்றும் அங்கே உண்டு. வீதியோரத்து நிழலிலும் மண்டபத்தின் மூலையிலும் ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் இருவர் மூவராகக் கூடியிருந்து கதைத்துக்கொண்டிருக்கும் காட்சியே அது. முழங்கால் நோவு எப்படி, மகள் எந்த ஊரில் வேலை, அவருக்குச் சீனி இப்போது குறைந்திருக்கிறதா என்ற கேள்விகளும், அவற்றுக்கான பெருமூச்சோடு கூடிய பதில்களுமாக அந்த உரையாடல் நீளும். திருவிழாவின் இந்தப் பக்கத்தைப் பற்றியே இன்று எழுத விரும்புகின்றோம்.

இவ்வாலயத்தின் வளர்ச்சி எமது சமூகத்தின் வளர்ச்சியோடு பின்னிப் பிணைந்தது. 1989இல் ஹம் நகரில் ஒரு வீட்டின் நிலவறையில் தொடங்கிய வழிபாடு, 1993இல் வீதியுலாவாக வெளியே வந்தது. 2002 யூலை 7ஆம் நாள், 17 மீற்றர் உயரக் கோபுரத்துடன் கூடிய புதிய ஆலயத்திற்குக் குடமுழுக்கு நடைபெற்றது. அருகே ஓடும் டாற்றெல்ன்-ஹம் கால்வாயே எமக்குத் தீர்த்தக் கரையாயிற்று. இத்தகைய வரலாறுகள் எழுதப்படும்போது கோபுரத்தின் உயரம் குறிக்கப்படுகின்றது. மடைப்பள்ளியில் பானை கழுவிய கைகளும், பனி கொட்டும் வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேருந்து மாறி வந்து பூமாலை கட்டிய கைகளும் குறிக்கப்படுவதில்லை. அந்தக் கைகளுக்கு இன்று வயதாகிவிட்டது.

1983 யூலை வன்செயல்களின் பின்னர் யேர்மனிக்கு வந்தவர்களில் இளைஞர்களே அதிகம். 1980களின் நடுப்பகுதியில் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, மேற்கு பேர்லினுக்குள் நுழைந்து தஞ்சம் கோரியவர்கள் பலர். அவர்களைத் தொடர்ந்து மனைவியராகவும் மணப்பெண்களாகவும் எமது பெண்கள் வந்து சேர்ந்தனர். பலர் நேரே போய்ச் சேர்ந்தது அகதி முகாமின் ஒற்றை அறைக்கு. குறித்த எல்லையைத் தாண்டிப் பயணிக்க அனுமதி வேண்டும். வேலை செய்யவும் அனுமதி வேண்டும். பேச மொழியில்லை, தாயோ தமக்கையோ அருகில் இல்லை. அந்நிலையில்தான் அவர்கள் பிள்ளைகளைப் பெற்றார்கள். பின்னர் அதிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார்கள். உணவகங்களின் சமையலறைகளில் நின்றார்கள். உழைத்த காசில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்பினார்கள். 1985இல் 25 வயதில் வந்திறங்கியவர் இன்று 65ஐக் கடந்துவிட்டார். 2009இற்குப் பின்னர் முள்ளிவாய்க்காலின் துயரைச் சுமந்து வந்து, ஐம்பது வயதிற்கு மேலும் வதிவிட அனுமதிக்காகக் காத்திருந்த தாய்மாரும் எம்மிடையே உளர்.

குடும்பத்தில் எல்லோருக்கும் துணையாக நின்ற இப்பெண்களுக்குத் துணை யார்? பிள்ளைகள் படித்து வேலைகொண்டு வேறு நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். அது பெருமைக்குரியதே. ஆயினும் பெருமை மாலை நேரத்தில் வந்து கதவைத் தட்டுவதில்லை. கணவர் நோயாளியாக இருக்கின்றார், அல்லது காலமாகிவிட்டார். ஊரில் என்றால் படலையைத் திறந்தால் அயல். கிணற்றடிக்குப் போனால் நாலு பேரின் பேச்சு. ஒரு வீட்டின் கவலை மற்ற வீட்டிற்குக் கேட்காமலே தெரிந்துவிடும். இங்கோ மாடிக் குடியிருப்பின் கதவு சாத்தினால் சாத்தியதுதான். மார்கழியில் நாலரை மணிக்கே இருண்டுவிடும் இந்நாட்டில், தொலைக்காட்சித் தொடரின் குரலை விட்டால் வேறு தமிழ்க் குரல் கேளாத வீடுகள் பல உள.

இந்த நிலையிலும் எமது பெண்கள் ஒருவரை ஒருவர் தாங்கி வருகின்றனர் என்பதே வியப்புக்குரியது. மருத்துவமனையில் கிடப்பவருக்கு இரசமும் சோறும் கொண்டு செல்பவர் அவர்களே. செத்த வீட்டில் முதல் மூன்று நாளும் அடுப்பைப் பொறுப்பெடுப்பவரும் அவர்களே. வங்கி கடன் தராத காலத்தில் சீட்டுப் பிடித்துப் பிள்ளைகளின் படிப்புக்கும் தங்கையரின் திருமணத்திற்கும் வழிசெய்தவர்களும் அவர்களே. எழுதி வைத்த யாப்பு எதுவும் இல்லாமலே நடந்துவந்த பெரியதொரு சங்கம் இது என்றால் மிகையாகாது.

ஆனால் ஒரு குறையை நாம் சுட்டிக்காட்டியே ஆகவேண்டும். இந்தத் தாங்குதல் திருவிழாவையும், கலியாணத்தையும், சாவையும் நம்பியே இருக்கின்றது. கொடி இறங்கியதும் அவரவர் தத்தம் நகரங்களுக்குத் திரும்பிவிடுகின்றனர். திங்கட்கிழமை காலையில் மீண்டும் தனிமை. மேலும், எமது ஊக்கம் பெரும்பாலும் சொல்லோடு நின்றுவிடுகின்றது. “ஒன்றுக்கும் யோசியாதேங்கோ அக்கா, எல்லாம் அம்பாள் பார்த்துக்கொள்ளுவா” என்பது அன்பு நிறைந்த வார்த்தைதான். அந்த வார்த்தை மனத்தைச் சற்று ஆற்றும். ஆனால் மேசையில் பிரிக்கப்படாமல் கிடக்கும் கடிதத்தைப் பிரிக்காது. இன்று எமது தாய்மாருக்கு வேண்டியது ஆறுதல் சொல்பவர் மட்டுமல்லர், கூடப் போகின்றவர்.

முதலில் உடல்நலத்தை எடுத்துக்கொள்வோம். யேர்மனியில் 50 வயதான ஒவ்வொரு பெண்ணுக்கும் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கான அழைப்புத் தபாலில் வருகின்றது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, 69 வயது வரை என்றிருந்த இவ்வுரிமை, 2024 யூலை முதல் 75 வயது வரை நீடிக்கப்பட்டது. பெருங்குடல் பரிசோதனைக்கான உரிமையும் 2025 ஏப்ரல் முதல் ஆண்களைப் போலவே பெண்களுக்கும் 50 வயதில் தொடங்குகின்றது. சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி உடையோர் இவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இருந்தும் அந்தக் கடிதம் விளம்பரத் தாள்களோடு சேர்ந்து குப்பைக்குப் போகும் வீடுகள் உள. மொழி விளங்காமை ஒரு காரணம். கூச்சம் மறு காரணம். நோய் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் எல்லாவற்றிலும் பெரிய காரணம். முன்னரே போய்வந்த ஒருவர், “நாளைக்கு நானும் வாறன், வாங்கோ” என்று சொன்னால் இம்மூன்றில் இரண்டு அந்த இடத்திலேயே கரைந்துவிடும்.

மருத்துவரிடம் மொழிபெயர்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வழக்கத்தையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மாதவிடாய் நிற்கும் காலத்தின் உபாதைகளையும், சிறுநீர்க் கோளாறுகளையும், இரவில் நித்திரை வராமல் அழுவதையும் எந்தத் தாய் தன் மகனின் வாயால் மருத்துவருக்குச் சொல்லுவார்? அவர் முழங்கால் நோவை மட்டும் சொல்லிவிட்டு வீடு திரும்புகின்றார். அதே வயதுடைய, சற்று யேர்மன் மொழி அறிந்த இன்னொரு பெண் பக்கத்தில் இருந்தால் உண்மையான வருத்தம் வெளியே வரும்.

இரண்டாவது, முதுமைக் கால வருமானம். யேர்மன் மொழியில் றென்ர எனப்படும் ஓய்வூதியம் சம்பளத்திற்கு வேலை செய்தவருக்கு மட்டுமே உரியது என்று எம்மில் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. பிள்ளை வளர்த்த காலமும் ஓய்வூதியக் கணக்கில் சேர்க்கப்படுகின்றது. 1992ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று ஆண்டுகள் கணக்கிடப்படும். அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு ஓராண்டு என்றிருந்தது 2014இல் இரண்டாகவும் 2019இல் இரண்டரை ஆண்டாகவும் உயர்த்தப்பட்டது. ஓய்வூதியம் பெறக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் கணக்கில் இருக்க வேண்டும். ஆகவே ஒருநாளேனும் சம்பளம் பெறாத தாயும், இரண்டு பிள்ளைகளை இந்நாட்டில் வளர்த்திருந்தால், சிறு தொகையாயினும் தன் பெயரில் ஓய்வூதியம் பெறும் தகுதியை அடையக்கூடும். ஆனால் இது தானாகப் பதிவாவதில்லை, விண்ணப்பிக்க வேண்டும். அக்காலத்தில் இருந்த வதிவிட நிலையையும் அதிகாரிகள் பார்ப்பர் என்பதால், பழைய பத்திரங்களைக் கிழித்தெறியாது வைத்திருத்தல் அவசியம். ஓய்வூதியக் காப்புறுதி நிறுவனத்தின் ஆலோசனை இலவசமானது.

அப்படியும் போதாதவருக்கு முதுமைக் கால அடிப்படை உதவி என்ற ஏற்பாடு உண்டு. இதைக் கேட்டால் பிள்ளைகளிடம் அரசு காசு அறவிடும் என்ற பயத்தில் அரைவயிற்றோடு இருக்கும் தாய்மாரை நாம் அறிவோம். பிள்ளை ஒருவரின் ஆண்டு வருமானம் ஓர் இலட்சம் யூரோவைத் தாண்டினாலன்றி அவரிடம் அரசு கேட்பதில்லை என்பதே சட்டம். இச்செய்தி எந்த மேடையிலும் முழங்கப்படுவதில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணின் காதில் சொல்ல வேண்டிய செய்தி இது. சொல்லிவிட்டு அவருடன் அலுவலகத்திற்கும் போக வேண்டும். ஏனெனில் கேட்பதற்கு வெட்கப்படுபவர் தனியே போகமாட்டார்.

இவற்றுக்குத் தடையாக நிற்பது மொழி மட்டுமன்று. ஊர்வாயும் ஒரு தடையே. தன் குறையைச் சொன்னால் அது அடுத்த கலியாண வீட்டில் கதையாகிவிடும் என்ற அச்சத்தில் வாய் மூடி இருப்போர் பலர். கேட்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாதவரால் எவருக்கும் ஊக்கம் கொடுக்க முடியாது. இதைப் பெண்கள் தமக்குள் கண்டிப்பான ஒழுங்காகக் கொள்ள வேண்டும். எமது பொது அமைப்புகள் மீதும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியுள்ளது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய கதிரைகள் பெரும்பாலும் ஆண்களுக்கும், சமையற்கட்டு பெண்களுக்கும் என்ற பங்கீடு நாற்பது ஆண்டுகளாகத் தொடருகின்றது. விழாவில் பொன்னாடை போர்த்தி அன்னையரைக் கௌரவிக்கும் அமைப்புகள், வாரம் ஒரு மாலை மண்டபத்தின் ஓர் அறையை அவர்களுக்குத் திறந்துவிட்டால் அதுவே மேலான கௌரவமாகும்.

தாயகத்தில் இதே வயதுடைய பெண்கள் எமக்குக் காட்டியிருக்கும் வழியையும் இங்கே நினைவுகூர்வது பொருத்தம். கிளிநொச்சி கந்தசுவாமி ஆலய முன்றலில், 2017 பெப்ரவரி 20ஆம் நாள், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்களில் பெரும்பான்மையோர் வயது முதிர்ந்த தாய்மார். ஆண்டுக்கணக்கில் நீண்ட அப்போராட்டத்தில் தம் பிள்ளைகளின் முடிவை அறியாமலே கண்மூடியவர் பலர். பிள்ளைகளைத் தேடி அங்கு வந்தவர்கள் ஒருவருக்கொருவர் உறவுமானார்கள். ஒருவருக்கு நோய் என்றால் மற்றவர் அவருடைய இடத்தில் இருந்தார். வெயிலிலும் மழையிலும் அவர்களால் அவ்வாறு கூடியிருக்க முடிந்ததென்றால், சூடேற்றிய அறையில் வாரம் ஒருமுறை கூடுவது எமக்கு இயலாத காரியமன்று.

செய்யக்கூடியவை எளியவையே. ஒரே நகரில் இருக்கும் ஐந்தாறு பெண்கள் ஒரு குழுவாகச் சேரட்டும். வாரத்தில் ஒருநாள் ஒன்றாக நடக்கட்டும். அதுவே சீனி வியாதிக்கும் மனச் சோர்வுக்கும் நல்லது. அந்த வாரம் வந்த கடிதங்களை ஒருவரேனும் வாசித்து விளக்கட்டும். வெளியே வர இயலாதவருக்கு நாள்தோறும் யார் தொலைபேசி எடுப்பது என முறை வைத்துக்கொள்ளட்டும். வார இறுதியில் பேரப்பிள்ளையைத் தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிவந்து இரண்டு மணிநேரம் வாசலில் காத்திருக்கும் அம்மம்மாக்கள் இன்றே ஒரு குழுவாகிவிடலாம். நோயோடு போராடுவோரின் சுய உதவிக் குழுக்களுக்கு நிதி வழங்குவது இந்நாட்டு மருத்துவக் காப்புறுதி நிறுவனங்களின் சட்டக் கடமை என்பதையும், அதற்கு வழிகாட்டும் அலுவலகங்கள் பல நகரங்களில் உள என்பதையும் எமது இளையோர் அறிந்து உதவ வேண்டும்.

இதனை வாசிக்கும் மகன்மாரும் மகள்மாரும் தத்தம் தாயிடம், “சாப்பிட்டீங்களா” என்று கேட்பதோடு நில்லாது, “இந்தக் கிழமை யாரோடு கதைச்சீங்கள்” என்றும் கேட்கட்டும். எமது தாய்மாருக்கு நாம் கூற விரும்புவது ஒன்றே. பிறருக்காக ஓடிய காலம் போதும் என்று நாம் சொல்ல மாட்டோம். நீங்கள் ஓயமாட்டீர்கள் என்பதை நாம் அறிவோம். ஓடும்போது உங்களைப் போன்ற இன்னொருத்தியின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அறிந்த ஒரு பெண் பல நாட்களாகக் கோயிலுக்கு வரவில்லையென்றால், இன்று மாலையே அவருக்குத் தொலைபேசி எடுங்கள். அவர் எங்கேனும் போக வேண்டியிருந்தால், நானும் வருகின்றேன் என்று சொல்லுங்கள்.