கோர்வை என்பது லேஸ் அல்ல



பேத்தியின் நிச்சயதார்த்த ரவிக்கைக்காகப் போன வாரம் தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு லேஸ் கடைக்குப் போனேன். கடைப் பையன் சுருளிலிருந்து ஒரு ஜரிகைப் பட்டையை உருவி, "ஆன்ட்டி, இது காஞ்சிபுரம் கோர்வை பார்டர். மீட்டர் கணக்கு. பிளெயின் புடவையில வச்சுத் தச்சா அசல் மாதிரியே இருக்கும்" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நானே அரை நிமிடம் யோசித்தேன்.

ஆனால் கோர்வையைத் தைக்க முடியாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் ஒவ்வொன்று, ஆக மூன்று. உடலின் ஊடை கரைக்குள் நுழையாது. ஒவ்வொரு முறையும் கரையின் ஊடையோடு கோத்துக்கொண்டு திரும்பிவிடும். அதனால்தான் அரக்குக் கரை அரக்காகவே நிற்கிறது, உடலின் பச்சை அதில் கலப்பதில்லை. ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ள, நெசவாளி பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும்.

அந்த இன்னொருவரை 1980-களில் காஞ்சிபுரத்தில் வேலை பார்த்தபோது என் வருகைப் பதிவேட்டில்தான் சந்தித்தேன். திங்கள் வருவான், செவ்வாய் இருக்க மாட்டான். வீடு தேடிப் போனால் தறியில் இருப்பான். அப்பா வாங்கிய முன்பணம் அவன் கையால் கழிந்துகொண்டிருக்கும்.

பிறகு பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். எனக்கு அதில் இன்றும் சந்தோஷம்தான். ஆனால் அந்த இடத்தில் பெரியவர் ஒருவரை உட்கார வைத்தால் பெரியவர் கூலி தர வேண்டுமே! அங்கேதான் நாம் பேரம் பேசினோம். நானும் பேசியிருக்கிறேன். கோர்வைத் தறிகள் குறைந்தன. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; அது பெயரைக் காக்கும், கூலியை நாம்தான் தர வேண்டும்.

கல்யாணத்துக்கு நாலு பட்டு எடுக்கிறவர்கள் இரண்டு எடுங்கள், அதில் ஒன்று கோர்வையாக இருக்கட்டும். கரையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உடலின் நிறம் அதற்குள் ஓடியிருந்தால் கோர்வை இல்லை, கோர்வை விலையும் கொடுக்காதீர்கள். லேஸ் வாங்குவதும் தப்பில்லை, லேஸ் என்று சொல்லி வாங்குங்கள்.

அந்தக் காஞ்சிபுரம் வகுப்பில் படித்த யாராவது இன்னும் தறியில் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள். பேத்தி கல்யாணம் தை மாதம். உங்களிடமே எடுக்கிறேன்.