யாரிடம் பதில் சொல்வது?

நமதூர்ப் பிள்ளைகள் சிலர் இப்போது வங்கிகளிலும் பெரிய கம்பனிகளிலும் தகவல் பாதுகாப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்கிறார்கள். என் தங்கையின் மகனும் அண்மையில் சேர்ந்தான். வீட்டார் சம்பளத்தை விசாரித்தார்கள். நான், "மகன், நீங்க யாருக்குப் பதில் சொல்லணும்?" என்று கேட்டேன். "கணினிப் பிரிவு முகாமையாளருக்கு, மாமா" என்றான்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. யாருடைய வேலையில் குறை காண வேண்டுமோ, அவரிடமே குறையை ஒப்படைப்பதா? களஞ்சியக்காரரிடமே இருப்பெடுப்பு அறிக்கையைக் கொடுத்துத் திருத்தி வாங்குவதற்கு இது சமம்.

2023 ஆகஸ்டில் நமது அரசாங்கத்துக்கு நடந்ததைப் பாருங்கள். இக்டா நிறுவனம் நடத்திய அரச மேகக்கணினிச் சேவையைக் கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்று பூட்டிவிட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. இணைப்பிலேயே இருந்த காப்புப் பிரதியும் சேர்ந்தே பூட்டப்பட்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போனது போனதுதான். பயன்பாட்டில் இருந்தது 2013ஆம் ஆண்டு மென்பொருள். அதை மாற்ற 2021இலேயே திட்டமிட்டும், பணமில்லாமையாலும் முந்திய பணிப்பாளர் சபைத் தீர்மானங்களாலும் தாமதமானதாக அந்நிறுவனமே கூறியது. ஆபத்து தெரியாமலில்லை. தெரிந்தும் காரியம் நடக்கவில்லை.

ஆகவே புதிதாகச் சேருபவர் முதல் நாளே புது இயந்திரம் வாங்கக் கேட்க வேண்டாம். முதல் மூன்று மாதம் இருப்பெடுக்கட்டும். எத்தனை கணினிகள், எவை பழையன, விலகிப் போனவர்களில் யாருடைய கடவுச்சொல் இன்னும் செல்லுபடியாகிறது என்று பார்க்கட்டும். காப்புப் பிரதி இருக்கிறது என்று சொன்னால் நம்பாமல், ஒரு தடவை அதிலிருந்து மீட்டுக் காட்டச் சொல்லட்டும். கண்டதை எழுத்தில், திகதியிட்டு, பணிப்பாளர் சபை வரை போகும்படி கொடுக்கட்டும். அந்த வழி இல்லாத இடத்தில் களவு போனால் முதலில் கைகாட்டப்படுவது புதிதாக வந்த பிள்ளையைத்தான். சம்பளம் பேசும்போதே இதையும் பேசிக்கொள்வது நல்லது.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. இறால் பண்ணை வைத்திருந்தோருக்கு 1996 மறந்திருக்காது. ஒரு பண்ணை கழித்துவிட்ட தண்ணீரை ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து அடுத்த பண்ணை உறிஞ்சியது. வெண்புள்ளி நோய் வரிசையாகப் பரவியது. தன் குளத்தைச் சுத்தமாக வைத்திருந்தவரும் தப்பவில்லை. கம்பனிக் கணினிகளும் அப்படி ஒரே கால்வாயில்தான் கிடக்கின்றன. வாய்க்காலை அடைக்கும் அதிகாரத்தைக் கொடுக்காமல் காவலுக்கு ஆள் வைப்பது வீண் செலவு.

நம் கடைகளுக்கு இப்படி ஓர் அதிகாரியை வைக்க வசதியில்லை. ஆனாலும், போன வருடம் விலகிய கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த கடவுச்சொல்லை இந்த வாரமே மாற்றலாம். கணக்குகளின் பிரதியைத் தனி டிஸ்க் ஒன்றில் ஏற்றி, கணினியிலிருந்து கழற்றி, வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டலாம்.