ஓட்டக் கற்றாய் தம்பி, நிறுத்தக் கற்றாயா?

தேனியிலிருந்து புறப்படும் சாலை வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போய், லோயர் கேம்ப்பில் மலையடிவாரத்தை அடைந்து, அங்கிருந்து குமுளிக்கு ஏறுகிறது. வழிநெடுக நெல் வயல். வயல் முடிந்தால் வாழைத் தோப்பு. வாழை முடிந்தால் திராட்சைப் பந்தல்! 1895-ஆம் ஆண்டு பென்னிகுக் கட்டிமுடித்த பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. அந்த நீரால் செழித்த பூமி இது. 2023-ஆம் ஆண்டு கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மகிழ்ச்சி! பழத்துக்குப் பெயர் கிடைத்தது. அந்தப் பழத்தை ஊர் கடத்தி, மலை கடத்தி, சந்தையில் சேர்க்கிற லாரி ஓட்டுநனுக்குக் கிடைத்தது என்ன?

விளைவித்தவனைப் பற்றி ஓரளவு பேசுகிறோம். விற்றவனைப் பற்றி நிறையவே பேசுகிறோம். இருவருக்கும் நடுவே, ஊர் உறங்கும் வேளையில் உறங்காமல், விளக்கு வெளிச்சம் விழும் அந்த நாற்பது முழத்தையே நோக்கிக்கொண்டு செல்பவன் ஒருவன் இருக்கிறானே, அவனைப் பற்றி எப்போது பேசுகிறோம்? லாரி கவிழ்ந்த மறுநாள் பேசுகிறோம்! அன்றுதான் அவன் பெயர் பத்திரிகையில் வருகிறது. அதுவும் குற்றவாளியாக வருகிறது.

கவிழ்வதற்கு முன்பே பேசுவோம், தோழர்களே! அதிலும், இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற இளைஞனைப் பற்றிப் பேசுவோம்.

சட்டம் அவனிடம் என்ன கேட்கிறது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, கனரகச் சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக வண்டிக்கான உரிமம் பெற்று ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2019-ல் அது நீக்கப்பட்டது. படிப்பு எட்டாத ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறந்தது. வரவேற்கிறோம்! ஆனால், கதவைத் திறந்தவர்கள் உள்ளே விளக்கேற்றி வைத்தார்களா? உரிமம் என்பது ஓர் அட்டை. அட்டை கைக்கு வந்த அன்றே தொழிலும் கைக்கு வந்துவிடுமா?

இந்தத் தொழிலுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது எது தெரியுமா? கிளீனர் இருக்கை! அங்கே உட்கார்ந்துதான் பையன் படித்தான். கயிற்றை இழுத்துத் தார்ப்பாய் கட்டினான். ஏற்றத்தில் வண்டி நின்றால் குதித்திறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போட்டான். டயரைத் தட்டிப் பார்த்து, எழுகிற ஓசையிலேயே காற்று இருக்கிறதா, இறங்கிவிட்டதா என்று சொன்னான். விடியற்காலையில் ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டான். பின்னால் நின்று ‘வரட்டும், வரட்டும்’ என்று கை காட்டினான். திட்டு வாங்கினான், சில நேரம் அடியும் வாங்கினான். ஆண்டுகள் சில உருண்ட பிறகு, ஆளில்லாத நேர்ச்சாலையில் ஒருநாள், “வாடா, வந்து பிடி!” என்றார் அண்ணன். அதுதான் பட்டமளிப்பு விழா!

அந்தப் பள்ளியில் பாடங்கள் பல. ஒவ்வொரு பாரத்துக்கும் ஒரு குணம் உண்டு. வைக்கோல் எடை குறைவு, உயரம் அதிகம். வளைவில் சாயும், மின்கம்பியில் உரசினால் தீப்பற்றும். திராட்சை அழுத்தம் பொறுக்காது. பள்ளத்தில் குதிக்கவிட்டால் பெட்டியில் பழம் இராது, சாறுதான் இருக்கும். பாதி நிறைந்த டேங்கர், பிரேக்கை மிதித்த பிறகும் உள்ளிருக்கும் நீரின் அலையால் முன்னே தள்ளும். இவற்றை எந்த அட்டையும் சொல்லித் தருவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான பாடம் மலைப்பாதை. குமுளி ஏற்றமும், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளும் தேர்வு வைக்கிற ஆசிரியர்கள். தவறிய மாணவனுக்கு மறுதேர்வு தராத ஆசிரியர்கள்! ‘எந்தக் கியரில் ஏறினாயோ, அந்தக் கியரிலேயே இறங்கு’ என்பார்கள் மூத்த ஓட்டுநர்கள். ஏன்? டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டால், என்ஜினின் பிடி அறுந்துபோகிறது. அத்தனை டன் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். மிதிக்க மிதிக்க டிரம் சூடேறும். சூடு ஏற ஏறப் பிடிப்புக் குறையும். கடைசி வளைவில் கால் மிதிக்கும், வண்டி நிற்காது! மிச்சமானது சிறிது டீசல். போனது ஓர் உயிர். 2022 டிசம்பரில் சபரிமலை சென்று திரும்பிய கார் ஒன்று இந்தக் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் பாய்ந்து, தேனி மாவட்டத்தார் எட்டுப் பேர் மாண்டதை மறந்திருக்கமாட்டீர்கள். கார் தவறினாலே அந்தக் கதி என்றால், பாரம் ஏற்றிய லாரி தவறினால்?

இன்றோ அந்தக் கிளீனர் இருக்கை பல லாரிகளில் காலியாகக் கிடக்கிறது. வாடகை கட்டவில்லை, இரண்டாவது ஆளுக்குப் படி கொடுக்க இயலாது என்கிறார்கள். ஒற்றை ஆளாகப் போய் ஒற்றை ஆளாகத் திரும்புகிறான் ஓட்டுநன். திட்டும் அடியுமாக நடந்த அந்தப் பழைய பள்ளிக்கூடம் அழியட்டும். அதற்காக நாம் அழப்போவதில்லை. ஆனால், அதன் இடத்தில் புதுப் பள்ளிக்கூடம் எழுந்ததா? கும்மிடிப்பூண்டியில் கனரக வண்டி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது, நல்ல பள்ளி. தமிழகத்தின் வடகோடி அது. போடிமெட்டோ மேற்கு எல்லையில்! சமதரையில் கற்றவன் மலையில் கற்பது எப்போது? முதல் சவாரியில், முழுப் பாரத்தோடு, நள்ளிரவில், தன்னந்தனியாக!

“திறமை இருந்தால் தேறிவிடுவான்” என்று சொல்லுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு சிறு கணக்கு வைக்கிறோம். கம்பத்திலிருந்து சென்னைக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகம். பாரவண்டி சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் போவதாகவே வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரத்துக்குக் குறையாது. திராட்சை காத்திராது, சந்தை விடியுமுன் கூடிவிடும். ஆகவே மாலை ஆறுக்குப் புறப்பட்டவன் விடியற்காலை நாலுக்குள் கோயம்பேட்டில் நிற்க வேண்டும். சரி, அன்று பகலில் அவன் உறங்கினானா? இல்லை! பெட்டி வரும், கூலியாள் வருவார், எடை போடுவார் என்று லோடு ஏற்றும் இடத்தில் வெயிலில் காத்துக் கிடந்தான். காத்திருந்த நேரத்துக்குக் கூலி இல்லை. கூலி இல்லாததால் அது வேலையும் இல்லையாம்! விழித்திருந்த கண்ணுக்குத் தெரியுமா இந்த வியாக்கியானம்?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நெடுந்தொலைவுப் பாதையில் அனுமதி பெற்றாலும் நாளுக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது அது. ஆனால், ஐந்து தொழிலாளருக்குக் குறைந்த நிறுவனத்தை அது தொடவில்லை. பிறகு 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை விழுங்கியது. விழுங்கிய தொகுப்பு வேலியை நெருக்கிக் கட்டியதா? இல்லை; பத்துத் தொழிலாளர் இருந்தால்தான் என்று எல்லையை உயர்த்தியது! ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்களிடம் வேலை பார்க்கும் நம் பையன் அன்றும் வேலிக்கு வெளியே, இன்றும் வேலிக்கு வெளியே!

வேடிக்கை ஒன்று சொல்கிறோம், கேளுங்கள். 1965-ல் வண்டி மாடுகளுக்காக இந்திய அரசு விதிகள் வகுத்தது. பாரம் இழுக்கும் மாட்டை நாளுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் பூட்டக் கூடாது. ஓய்வு தராமல் 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. அந்த விதிக்கு விலக்கு, ‘ஒரே மாடு வைத்திருந்தால் பரவாயில்லை’ என்று எழுதவில்லை! மாட்டுக்கு இரக்கம் காட்டியதை நாம் குறை சொல்லவில்லை. வாயில்லாச் சீவனுக்கு அது வேண்டியதுதான். வாயுள்ள மனிதனுக்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கிறோம்!

ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். நாளுக்கு 9 மணி நேரமே பொது எல்லை. ஓட்டுநர் சொல்லையும் முதலாளி சொல்லையும் நம்பி அங்கே காரியம் நடக்கவில்லை. வண்டியில் பொருத்திய கருவியே கணக்கெழுதுகிறது. இங்கே 2025 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்று விதி வந்திருக்கிறது. நன்றி! உடலுக்குக் குளிர்ச்சி கிடைத்தது; உறங்க நேரம் எப்போது கிடைக்கும்?

அடுத்தது பாரம். பத்துச் சக்கர லாரிக்கு வண்டியும் சுமையும் சேர்ந்து 25 டன் என்றிருந்த எல்லை 2018-ல் 28.5 டன்னாக உயர்ந்தது. உயர்த்திய பிறகும் மிகைபாரம் ஓய்ந்ததா? அபராதம் 20,000 ரூபாய், மேலும் மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். ஏற்றச் சொன்னவர் மெத்தையில் உறங்குகிறார். செக்போஸ்ட்டில் இறங்கி நிற்பவன் ஓட்டுநன். ஏற்றிவிட்டவரையும் சேர்த்துப் பிடிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிடிக்கும் கைதான் நீளக் காணோம்!

சிறு லாரி உரிமையாளர்களை நாம் பகைவராக எண்ணவில்லை. கடன் வாங்கி வண்டி வாங்கி, தவணைக்கும் டீசலுக்கும் சுங்கத்துக்கும் நடுவே நசுங்குகிற அவரும் பாதித் தொழிலாளியே. நேற்று வரை ஓட்டுநராக இருந்தவர்கள் அவர்களுள் பலர். அதனால்தான் சொல்கிறோம்: இது முதலாளியின் மனம் இளகித் தீருகிற காரியம் அன்று. எல்லோருக்கும் ஒரே விதி என்று ஆனால்தான், ஒருவர் நல்லவராக இருந்ததற்காக நட்டப்பட மாட்டார்.

இனி உனக்கு ஒரு சொல், புதிதாக ஸ்டியரிங் பிடித்திருக்கும் தம்பி!

கியர் மாற்றக் கற்றாய். வளைவு திருப்பக் கற்றாய். மலையில் ஏறிவரும் வண்டிக்கு ஒதுங்கி வழிவிடக் கற்றாய். இன்னும் ஒரு பாடம் பாக்கி இருக்கிறது. அது ஒரே சொல்: ‘முடியாது!’ கண் சொருகும்போது, “இன்னும் நூறு கிலோமீட்டர் போய்விடு” என்றால், முடியாது! அச்சு முறியப் பாரம் ஏற்றி, “பார்த்துப் போ” என்றால், முடியாது! பிரேக் சரியில்லாத வண்டியைக் காட்டி, “இந்த ஒரு ட்ரிப் மட்டும்” என்றால், முடியாது! மலை இறங்கக் கற்றவன் பாதி ஓட்டுநன். மறுக்கக் கற்றவனே முழு ஓட்டுநன்.

“சொன்னால் வேலை போய்விடுமே” என்கிறாய். உண்மை. நீ ஒருவன் சொன்னால் போகும். எல்லோரும் சேர்ந்து சொன்னால்? 2024 சனவரியில் நடந்ததை எண்ணிப் பார்! விபத்தில் உயிர் போய், தகவல் தராமல் தப்பியோடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய குற்றவியல் சட்டப் பிரிவை எதிர்த்து, வட மாநிலங்களில் லாரிகள் நின்றன. அடிபட்டவனை விட்டு ஓடுவது தகும் என்று நாம் சொல்லமாட்டோம். எவரும் சொல்லக் கூடாது. ஆனால், நின்ற சக்கரம் என்ன செய்தது? கலந்து பேசாமல் நடைமுறைப்படுத்தமாட்டோம் என்று மத்திய அரசைச் சொல்ல வைத்தது. அந்த ஆண்டு சூலை முதல் நாள் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அந்தப் பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓடும் சக்கரத்தின் பேச்சை யாரும் கேட்கவில்லை. நின்ற சக்கரத்தின் பேச்சைத் தலைநகர் கேட்டது!

ஆகவே, கோரிக்கைகளை உரக்க வைப்போம். மலையடிவாரத்திலேயே, தேனி மாவட்டத்திலேயே, மலைப்பாதைப் பயிற்சிப் பள்ளி வேண்டும். பயிலும் நாளுக்கு ஊதியம் வேண்டும். பத்து மணி நேரத்தை மிஞ்சும் பயணத்துக்கு இரண்டு ஓட்டுநர் என்பது, எத்தனை லாரி உள்ளவருக்கும் பொது விதியாக வேண்டும். லோடுக்குக் காத்திருக்கும் நேரம் வேலை நேரமாக எண்ணப்பட வேண்டும். லோயர் கேம்ப்பிலும் போடியிலும், குளிக்கத் தண்ணீரும் படுக்க இடமும் உள்ள ஓய்வு நிலையம் வேண்டும். மிகைபாரத்துக்கு ஏற்றியவர் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் நம் கையால் ஆவதும் உண்டு, தோழர்களே! அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கெனத் தமிழக அரசின் நல வாரியம் இருக்கிறது. உங்கள் தெருவில் லாரிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை பேர் அதில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று இந்த வாரமே கேளுங்கள். விண்ணப்பம் எழுதத் தெரியாதவனுக்குப் படிப்பகத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரை அழைத்து, மலை இறங்கும் முறையை இளைஞர்களுக்கு ஒரு மாலை சொல்ல வையுங்கள். ஆயிரம் மேடைப் பேச்சுக்குச் சமம் அந்த ஒரு மாலை!

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். ஒவ்வொருவருக்காகவும் ஒரு வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வருவான் என்று ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணக்கில் அடுத்த எண் உன்னுடையதாக இருக்கக் கூடாது, தம்பி. உன் வண்டியின் முன்னே நடந்து போகிறவனுடையதாகவும் இருக்கக் கூடாது.

திராட்சை ஒரு நாள் தாமதமானால் விலை குறையும். நீ திரும்பாவிட்டால், எந்தச் சந்தையிலும் ஈடு கிடையாது. கண் சொருகினால் ஓரம் கட்டு, நிறுத்து, உறங்கு! நிறுத்தியதற்காக உன்னை வேலையை விட்டு நிறுத்தினால், உன்னோடு நிற்க நாங்கள் இருக்கிறோம்.