இடத்த மாத்துங்க, ஆனா சொல்லிட்டு மாத்துங்க

ட்ரயலுக்கு வர்ற பையன்கிட்ட "எந்த இடத்துல ஆடுற?" என்று கேட்பார்கள். "போர்வர்ட் சேர்" என்பான். பேப்பரிலும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். ஆனா தெரிவு செய்கிறவரின் மனசுக்குள்ள வேற கணக்கு ஓடும்: நல்ல உயரம், வேகமா ஓடுறான், பின்னால போட்டா நம்ம டீம்ல இருக்கிற ஓட்டை அடைபடும். அந்தக் கணக்குல தப்பே இல்ல. அதைப் பையன்கிட்ட சொல்லாம விடுறதுதான் தப்பு.

என் நண்பன் ஒருவனுக்கு இதுதான் நடந்தது. ஹந்தானைப் பக்கம் தோட்டத்துப் பையன். பாடசாலை டீமுக்கு கோல் அடிக்கிறவனே அவன்தான். டவுனில் ஒரு உதைபந்தாட்ட டீம் அவனை எடுத்தது. லயமே சந்தோஷப்பட்டது. முதல் மெட்ச் அன்று ஜேர்சியைக் கையில் கொடுத்து, "இன்னைக்கு நீ லெப்ட் பேக்" என்றார்கள். எதிரணி விங்கர் பந்தோடு வரும்போது பாயணுமா, பின்வாங்கணுமா? ஓப்சைட்டுக்கு யாரோடு சேர்ந்து ஏறணும்? ஒருவரும் சொல்லித்தரவில்லை. மூன்று மெட்ச் ஆடினான். அவன் பக்கத்தால நாலு கோல் போச்சு. "பேக்குக்கு இவன் சரிவர மாட்டான்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அவன் எப்பங்க பேக்குன்னு சொல்லிக்கிட்டு வந்தான்?

இடம் மாத்துறதையே நான் எதிர்க்கிறேன்னு நினைக்காதீங்க. இந்த ஊர்ல இருந்துகிட்டு அப்படிப் பேசவும் முடியாது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரிக்கு முத்தையா முரளிதரன் விளையாட வந்தது மிதவேகப் பந்துவீச்சாளராக. 14 வயதில் அவரை ஓப் ஸ்பின்னுக்கு மாறச் சொன்னவர் பாடசாலைப் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. அந்த ஒரு மாற்றம்தான் பிற்பாடு 800 டெஸ்ட் விக்கெட்டாக விளைந்தது. ஆனா கதையை அதோட முடிச்சிடக் கூடாது. மாறச் சொன்ன பிறகு முரளிக்குப் பாடசாலைக் கிரிக்கெட்டில் பல வருஷங்கள் இருந்தன. புதுசாகக் கற்றதைப் போட்டுப் பார்க்க, அடி வாங்க, திரும்பவும் போட நேரம் இருந்தது. மூன்றாவது மெட்ச்சோட அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தா?

ரக்பி ஊர் இது, அதனால இன்னொன்றும் சொல்றேன். ஜோர்டன் மைலாட்டா அவுஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்கன் புட்போலில் ஒரு மெட்ச்கூட ஆடாதவர். 2018இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவரை டிராப்டில் 233ஆவது ஆளாக எடுத்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவரை, குவார்ட்டர்பேக்கைக் காக்கிற தடுப்பு வரிசையில் நிறுத்துவதாக முதலிலேயே திட்டம். முதுகு உபாதையும் சேர்ந்துகொள்ள, முதல் இரண்டு பருவங்களில் அவர் ஒரு லீக் போட்டியில்கூட இறங்கவில்லை. அணி அவரைக் கைவிடவில்லை. 2020இல் ஆரம்ப வரிசைக்கு வந்தார். 2025 பெப்ரவரியில் அந்த அணி சூப்பர் போல் வென்றபோதும் அதே இடத்தில் அவர்தான் நின்றார்.

"அவங்ககிட்ட காசு இருக்கு, நம்மகிட்ட இல்ல" என்பார்கள். சரி, சம்பளம் கொடுத்து ரெண்டு வருஷம் உட்கார வைக்க நம்மால முடியாது. ஆனா "தம்பி, உன்ன பேக்காத்தான் எடுக்கிறோம், சம்மதமா?" என்று கேட்க எவ்வளவு செலவு?

இன்னொரு பதிலும் தயாரா இருக்கும்: "நல்ல ஆட்டக்காரன் எங்க போட்டாலும் ஆடுவான்." இதற்குப் பெரியவர்கள் ஜர்னைல் சிங்கைச் சொல்வார்கள். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தலையில் தையலோடு இருந்த அந்த டிபெண்டரை, பயிற்றுவிப்பாளர் ரஹீம் சென்டர் போர்வர்டாக இறக்கினார். அரையிறுதியிலும் இறுதியிலும் கோல் அடித்தார், இந்தியா தங்கம் வென்றது. உண்மைதான். ஆனா ஜர்னைல் அதற்கு முன்பே ஒலிம்பிக் ஆடியவர், தன் இடத்தில் பேர் எடுத்தவர். அன்றைக்கு கோல் அடிக்காமல் விட்டிருந்தாலும் அவரை யாரும் "சரிவர மாட்டான்" என்று ஒதுக்கியிருக்க மாட்டார்கள். பதினாறு வயதுப் பையனுக்கு அந்தப் பேர் எங்க இருக்கு?

நான் பார்த்த வரைக்கும், இப்படிச் சொல்லாம கொள்ளாம மாற்றப்படுவது கேட்க ஆள் இல்லாத பையன்கள்தான். பெரிய பாடசாலைப் பையனை மாற்றினால் அப்பா போன் எடுப்பார், பழைய மாணவர் ஒருத்தர் வந்து பேசுவார். தோட்டத்துப் பையனோட அம்மா மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருப்பாங்க. அதனால ஓட்டை எங்கே இருக்கோ அங்கே இவனை வைத்து அடைக்கிறார்கள். தோற்றால் பழியும் இவன் தலையிலதான்.

ட்ரயலுக்குப் போற தம்பிமாரே, தங்கச்சிமாரே, எடுத்தாச்சுன்னு சொன்னதும் மூணு கேள்வி கேளுங்க. என்னை எந்த இடத்துக்கு எடுக்கிறீங்க? அதை யார் எனக்குச் சொல்லித்தருவாங்க? பிழைவிட்டுப் பழக எத்தனை மெட்ச் தருவீங்க? கேட்டா தலைக்கனம்னு சொல்வாங்க, சொல்லட்டும். பதில் வைத்திருக்கிற கோச் கோபப்பட மாட்டார்.

என் நண்பன் இப்ப விளையாடுறதில்ல. அவனுக்கு லெப்ட் பேக் வந்திருக்குமா, வராதா? மூணு மெட்ச்ச வச்சு யாராலும் சொல்ல முடியாது. அவனைத் தெரிவு செய்தவங்களாலயும்தான்.