பாலத்துக்கு அந்தப் பக்கம்

உட்லண்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் ஜன்னலைத் திறந்தால், நீரிணைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் பாரு தெரியும். பட்டுக்கோட்டையிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு அது ஆச்சரியம். “அது வேற நாடாப்பா? நம்ம பக்கத்துத் தெரு மாதிரில்ல இருக்கு!”

“சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்மா” என்றார் மகன்.

சிங்கப்பூரில் வாழும் நம்மவர்களுக்கு ஜொகூர் பாரு, காலையில் போய் மாலையில் திரும்பும் ஊர். நடுவே சுமார் 1 கிலோமீட்டர் நீளப் பாலம், 1924-ல் முறைப்படி திறக்கப்பட்டது. ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும். வாழையிலைச் சாப்பாடு, மளிகை, முடிவெட்டு என எல்லாமே பர்ஸைக் கடிக்காது. பெட்ரோலும் அங்கே மலிவு. அதனால்தான் சிங்கப்பூர் கார்கள் முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது.

வெள்ளி இரவு. மருமகள் எலுமிச்சைச் சாதத்துக்குப் பழம் பிழிந்துகொண்டிருக்க, மகன் ஆவணங்களை எடுத்து வைத்தார். அம்மாவின் விசாத் தாளைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ‘சிங்கிள் ஜர்னி’. ஒருமுறை உள்ளே வரத்தான் அனுமதி. மலேசியாவுக்குள் போவதில் சிக்கல் இல்லை. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு அங்கே 30 நாள் வரை விசா வேண்டாம். ஆனால், திரும்பி சிங்கப்பூருக்குள் வர முடியாது!

“நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. புள்ள ஆசையா இருக்கு” என்றார் அம்மா. குரல் மட்டும் சற்று இறங்கியது. “கடல் தாண்டி வந்துட்டேன், ஒரு பாலம் தாண்ட முடியலையே.”

“அப்பாயி இல்லாம நான் போகமாட்டேன்” என்றாள் எட்டு வயதுப் பேத்தி.

மறுநாள் அந்த எலுமிச்சைச் சாதத்தை உட்லண்ட்ஸ் கடலோரப் பூங்காவில், எதிர்க்கரையைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். யாரும் அதிகம் பேசவில்லை.

அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும்போதே ‘மல்டிபிள் ஜர்னி’ கேட்டு வாங்கினார் மகன். அதிகாலைப் பேருந்தில் கிளம்பினார்கள். சிங்கப்பூர் சோதனைச் சாவடியில் பையோடு இறங்கி, சோதனை முடித்து மறுபடி பேருந்து. மலேசியச் சாவடியிலும் அதே கதை. அம்மா சளைக்கவில்லை.

கண்ணாடிக் கோயில் எனப்படும் அருள்மிகு ராஜகாளியம்மன் ஆலயத்தில் சுவர், தூண், கூரை எங்கும் கண்ணாடித் துண்டுகள் மின்னின. வாசலில் பூ வாங்கியபோது கடைக்காரப் பெண்மணி, “பசியாறிட்டீங்களாம்மா?” என்றார். காலைச் சாப்பாட்டை மலேசியத் தமிழர்கள் அப்படித்தான் கேட்பார்கள். அம்மா ஒரு கணம் நின்றுவிட்டார். “எங்க பாட்டி இப்படித்தான் கேக்கும். நம்ம ஊர்ல இப்ப யாரு கேக்குறா?” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜொகூரில் அன்று வாங்கியது மல்லிகைப்பூவும் முறுக்குப் பொட்டலமும்தான். ஊருக்குப் போன பிறகும் அம்மா சொல்லிக்கொண்டிருப்பது அந்த ஒரு கேள்வியைத்தான்.

கிளம்பும் முன் கவனிக்க:

* ஊரிலிருந்து வந்த பெரியவர்களின் சிங்கப்பூர் விசா ‘மல்டிபிள் ஜர்னி’தானா என்று பயணம் பேசும் முன்பே பாருங்கள்.

* மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய 3 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்புங்கள். இது இலவசம். திரும்பும்போது விருந்தினருக்கு சிங்கப்பூர் வருகை அட்டையும் தேவை.

* வேலை பாஸ், டிபெண்டன்ட் பாஸ் உள்ளவர்களுக்கு, வெளியே வாங்கி வரும் பொருட்களில் ஜிஎஸ்டி விலக்கு கிடையாது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

* குழந்தைகளின் பையில் சூயிங்கம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிங்கப்பூருக்குள் கொண்டுவரத் தடை.

* வார இறுதி மாலையில் பாலத்தில் நெரிசல் மணிக்கணக்கில் நீளும். பெரியவர்கள் உடன் இருந்தால், மதியச் சாப்பாடு முடிந்ததும் திரும்பிவிடுவது நல்லது.